தளவானூர் கல்வெட்டைத் தேடுவது எப்படி?

செஞ்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே செஞ்சி வட்டாரத்தில், தளவானூரில், அந்தக் கோட்டையைவிட பல நூற்றாண்டு மூத்த ஒரு குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி, முதலாம் மகேந்திரவர்மன் காலம். பல்லவர் வரலாறு பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 'தளவானூரில் மகேந்திரன் குடைந்த கோயில்' என்று ஒரு வரியாவது இருக்கும்.

அந்த ஒரு வரியில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: மகேந்திரன், தளவானூர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோயிலை யார் எடுத்தார்கள் என்று சொல்லும் கல்வெட்டுகளில் இந்த இரண்டு பெயருமே கிடையாது.

பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன் நான். தேடல், டேட்டாபேஸ், இண்டெக்ஸ் எல்லாம் அன்றாட வேலை. அதனால் இந்த விஷயம் எனக்கு ரொம்பவே சுவாரசியமாகப் படுகிறது. தேடுகிறவர் டைப் செய்யும் இரண்டு சொல்லும் மூலத்தில் இல்லை. அப்படியானால் நாம் எப்படித்தான் அதைக் கண்டுபிடிக்கிறோம்? இணையத்தில் ஆய்வுக் கருவிகள் செய்கிறவர்கள் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

கல் என்ன சொல்கிறது?

தெற்குப் பார்த்த பாறையில் குடைந்த சின்னக் கோயில் அது. முகப்பில் மகர தோரணம் உண்டு, மகேந்திரன் பாணிக் குடைவரைகளில் இது அபூர்வம். முகப்பின் இரண்டு ஓரத்திலும் வாயிற்காவலர்கள். கருவறை மேற்குச் சுவரில், கிழக்கு நோக்கி வெட்டப்பட்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் இந்தக் குன்றைப் பஞ்சபாண்டவர் மலை என்பார்கள்.

இங்கே இரண்டு கல்வெட்டுகள் நமக்கு முக்கியம். ஒன்று சமஸ்கிருதம், கிரந்த எழுத்தில் ஒரே ஒரு சுலோகம். படைபலத்தால் மற்ற அரசர்களைப் பணியவைத்த நரேந்திரன், அதாவது சத்ருமல்லன், இந்தக் குன்றில் சத்ருமல்லேஸ்வராலயத்தைச் செய்வித்தான் என்கிறது. 'நரேந்திர' என்ற சொல் அதில் இரண்டு முறை வருகிறது. ஒருமுறை பணிந்துபோன அரசர்களுக்கு, ஒருமுறை இவனுக்கு. இன்னொன்று தமிழ்ச் செய்யுள். தொண்டை மாலை சூடிய நரேந்திரப் போத்தரையன் வெண்பேட்டில் இந்தக் கோயிலை எடுத்த செய்தியைச் சொல்கிறது. சொன்னவர் பிரமமங்கலவன் செல்லன் சிவதாசன் என்பதும் கூடவே பதிவாகியிருக்கிறது.

ஆக, கல்லில் இருக்கும் பெயர்கள் நரேந்திரன், சத்ருமல்லன், வெண்பேடு. நம் கையில் இருக்கும் பெயர்கள் மகேந்திரன், தளவானூர். நடுவில் பாலம் போட்டது யார்?

பாலம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வல்லம் குடைவரையில் ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு. அதைச் செய்வித்தவன் கந்தசேனன், வசந்தப்பிரிய அரசரின் மகன். தன் தகப்பனார் யாருக்கு அடியார் என்று சொல்லும்போது அந்த மன்னனின் பட்டங்களையெல்லாம் வரிசையாக அடுக்குகிறான்: பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்ருமல்லன், குணபரன், கடைசியில் மகேந்திரப் போத்தரையர். ஒரே மனிதனுக்கு இத்தனை பெயர் என்பதற்கு அந்தக் காலத்திலேயே ஒருவன் கல்லில் எழுதிவைத்த சாட்சி இது. சத்ருமல்லன் என்றால் மகேந்திரன் என்று வல்லம் சொல்கிறது, அதை எடுத்துவந்து தளவானூரில் பொருத்துகிறோம். தூண் அமைப்பும் எழுத்தமைதியும் ஒத்துப்போகின்றன. 'போத்தரையன்' பல்லவர்களின் பட்டம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

நம்ம பாஷையில் சொன்னால் இது ஒரு ஜாயின். இரண்டு டேபிள், பொதுவான ஒரு காலம் 'சத்ருமல்லன்'. ஆனால் அந்த ஜாயினை எந்த மெஷினும் போடவில்லை. ஒரு கல்வெட்டு அறிஞர் இரண்டையும் படித்து, யோசித்து, 'இவனும் அவனும் ஒருவன்' என்று தீர்ப்புச் சொன்னார். தளவானூரை மகேந்திரன் பெயரில் தேடிக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தீர்ப்பைத்தான் நாம் பயன்படுத்துகிறோம், தெரிந்தோ தெரியாமலோ.

காகிதக் காலத்துத் தேடல் இயந்திரங்கள்

இந்தப் பிரச்சினை இணையத்தோடு வந்ததில்லை. 1880களின் தொடக்கத்தில் ராபர்ட் சிவெல் சென்னை மாகாணத்தின் தொல்பொருட்களைப் பட்டியல் போட்டார். 1886இல் ஹுல்ஷ் கல்வெட்டு அறிஞராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டிலிருந்து கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வர ஆரம்பித்தன. அந்த அறிக்கைகளின் பெரிய சாதனை, என்னைக் கேட்டால், ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண் கொடுத்ததுதான். 'இன்ன ஆண்டின் இத்தனையாம் எண்' என்று சொன்னால் போதும், உலகத்தில் எங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் எந்தக் கல் என்று புரியும். இன்று நாங்கள் யுனிக் ஐடி என்று சொல்வதை அவர்கள் மைக்கூட்டை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

1919இல் வி. ரங்காச்சார்யா மூன்று தொகுதிகளில் சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், வட்டம், ஊர் என்று இடவாரியாக அடுக்கி ஒரு பட்டியல் கொண்டுவந்தார். சேகரிப்பு ஆண்டுவாரியாக நடந்தது, தேடுகிறவர்களோ ஊர் பெயரை வைத்துத் தேடுவார்கள். அந்த இடைவெளியை நிரப்பிய வேலை அது. சுத்தமான இண்டெக்ஸிங்.

1978இல் இன்னொரு பாய்ச்சல். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, டோரு மாட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்குக் கணினித் துணையோடு ஒரு அடைவு செய்து மூன்று தொகுதிகளாக மதுரையில் வெளியிட்டார்கள். நம் வீடுகளில் கணினி என்ற சொல்லே புழங்காத காலம். ஒரு பட்டம் எந்தெந்த வட்டாரத்தில், எந்தக் காலத்தில் அதிகமாகிறது என்று எண்ணிப் பார்க்கும் வழி அதனால் திறந்தது. சோழர் கால சமூகம் பற்றிய பல வாதங்கள் அந்த எண்ணிக்கைமீதுதான் நிற்கின்றன. தேடும் கருவி மாறினால் கேட்கும் கேள்வியும் மாறும் என்பதற்கு நம்ம ஊரிலேயே உள்ள நல்ல உதாரணம் இது.

ஸ்கேன் வந்தது, தேடல் வரவில்லை

இப்போதைய நிலைமைக்கு வருவோம். தளவானூர் பற்றிய மூல நூல்கள் கிட்டத்தட்ட எல்லாமே அச்சில் வந்தவை. ஹுல்ஷ் எபிகிராபியா இண்டிகா 12ஆம் தொகுதியில் கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். 1924இல் லாங்ஹர்ஸ்ட் பல்லவர் கட்டடக்கலை பற்றிய தன் முதல் பகுதியில் குடைவரையை விவரித்தார். 1943இல் பல்லவர்களுக்கென்றே தென்னிந்தியக் கல்வெட்டுகள் 12ஆம் தொகுதி வந்தது, பதிப்பாசிரியர் வெங்கடசுப்பய்யர். 1964இல் கே.ஆர். சீனிவாசன் பல்லவர் குடைவரைகள் பற்றித் தனி நூலே எழுதினார். 1988இல் டி.வி. மகாலிங்கத்தின் பல்லவர் கல்வெட்டுத் தொகுப்பு. தமிழில் இரா. கலைக்கோவனும் மு. நளினியும் எழுதிய 'மகேந்திரர் குடைவரைகள்'. பழைய தொகுதிகளில் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கமுடிகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதற்குப் பெரிய நூலகம் ஏறி இறங்கவேண்டும். ஸ்கேன் செய்து போட்ட புண்ணியவான்களுக்கு நன்றி சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆனால் போட்டுவைத்தது வேறு, கிடைப்பது வேறு. சில சிக்கல்களை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் சிக்கல், எழுத்துக்கூட்டல். பழைய ஆங்கில நூல்களில் ஊர் பெயர் 'த'வுக்கு பதில் 'ட' போல ஒலிக்கும் எழுத்தில் தொடங்கும். இன்றைய அரசு எழுத்துக்கூட்டல் வேறு, மொழியியலாளர்கள் புள்ளியும் கோடும் போட்டு எழுதுவது வேறு. ஸ்கேனிலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருளுக்கு அந்தப் புள்ளி ஆகாது. ளகரத்துக்குக் கீழே வைத்த புள்ளியை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடும், அல்லது அந்த எழுத்தையே அடைப்புக்குறியாக்கிவிடும்.

இரண்டாவது, ஒரே பெயரில் வேறு ஊர். விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணை ஆற்றங்கரையில் இன்னொரு தளவானூர் இருக்கிறது. அங்கே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 2020இல் கட்டிய தடுப்பணை 2021 ஜனவரியில் உடைந்தது, பெரிய செய்தியானது. இப்போது 'தளவானூர்' என்று தேடினால் பல்லவனைவிட அந்தத் தடுப்பணை வேகமாக வந்து நிற்கும். 'பஞ்சபாண்டவர் மலை' என்று தேடினால் இன்னும் மோசம், ஆற்காடு பக்கத்தில் அதே பெயரில் சமணச் சிற்பங்கள் உள்ள மலையே இருக்கிறது.

மூன்றாவது, மாவட்டம். பழைய நூல்களில் எல்லாம் தென்னார்க்காடு. 1993இல் அது பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. மாவட்டத்தை வைத்து வடிகட்டினால் பாதி நூல்கள் வெளியே போய்விடும்.

நான்காவது, அடையாள எண்கள். ஒரே கல்வெட்டுக்கு ஆண்டறிக்கையில் ஓர் எண், எபிகிராபியா இண்டிகாவில் ஒரு பக்கம், தென்னிந்தியக் கல்வெட்டுகளில் ஓர் எண், மகாலிங்கத்தில் ஓர் எண். இதில் இரண்டு தொடர்களிலும் தொகுதி எண் 12 என்பது கூடுதல் வம்பு. அடிக்குறிப்பில் வெறும் '12' என்று சுருக்கி எழுதியிருந்தால் எந்தப் பன்னிரண்டு என்று நாம்தான் யோசிக்கணும்.

ஐந்தாவது, எழுத்து. சுலோகம் கிரந்தத்தில் இருக்கிறது. கிரந்தம் யூனிகோடில் சேர்ந்தது 2014இல்தான், 7.0 பதிப்பில். அதற்கு முன்னால் தமிழ்நாட்டில் பெரிய விவாதமே நடந்தது, 2010இல் மாநில அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு. அதுவரை இந்தச் சுலோகத்தைக் கணினியில் ஏற்றணும் என்றால் தேவநாகரியிலோ ரோமன் எழுத்திலோதான் ஏற்றமுடியும். கல்லில் இருக்கிற எழுத்திலேயே பதிய வழி வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது.

இந்த ஐந்தையும் ஒருவர் உட்கார்ந்து சரிசெய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மகேந்திரன் என்ற சொல் தளவானூர்க் கல்லில் முளைக்காது. வல்லம் வழியாகப் போன அந்த நியாயத்தை யாராவது பதிவுசெய்திருந்தால்தான் தேடல் அங்கே போய்ச் சேரும்.

காரணத்தையும் சேர்த்துப் பதியும் கருவிகள்

இந்த இடத்தில்தான் அண்மைக்கால வேலை ஒன்று என்னைக் கவர்ந்தது. 2019இல் ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் நிதியில் தொடங்கிய தர்மா என்ற திட்டம். தெற்காசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை எபிடாக் என்ற முறையில் குறியிட்டுப் பதிப்பிக்கிறார்கள். பல்லவர் கல்வெட்டுகளில் நீண்டகாலம் உழைத்துவரும் எம்மானுவேல் பிரான்சிஸ் அதை நடத்துகிறவர்களில் ஒருவர். கோப்புகள் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன.

எபிடாக் கிரேக்க, லத்தீன் கல்வெட்டுக்காரர்கள் உருவாக்கியது. அதன் அடிப்படை எளிது. கல்வெட்டை வெறும் வரிகளாக டைப் செய்யாமல், ஒவ்வோர் எழுத்தைப் பற்றியும் பதிப்பாசிரியருக்கு என்ன உறுதி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுவது. இந்த எழுத்து தெளிவாக இருக்கிறது, இது மங்கல், இது உடைந்துபோனது, இது நானாக நிரப்பியது, இந்த இடத்தில் ஹுல்ஷ் வேறு மாதிரி படித்தார். எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி. பழைய அச்சுப் பதிப்புகளும் சதுர அடைப்பு, நட்சத்திரம் என்று போட்டு இதைத்தான் செய்தன. வித்தியாசம், இப்போது அதைக் கேள்வியாகக் கேட்கமுடியும். 'பல்லவர் கல்வெட்டுகளில் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய சொற்களை மட்டும் காட்டு' என்று கேட்டால், நம் வரலாற்றில் எது கல் சொன்னது, எது நாம் சொன்னது என்று தனியாகத் தெரிந்துவிடும்.

கிட்ஹப்பில் வைத்ததில் இன்னொரு லாபம். ஒரு வாசிப்பை மாற்றினால் யார், எந்தத் தேதியில், ஏன் மாற்றினார் என்பது அப்படியே தங்கும். சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது சோறு தண்ணி மாதிரி. கல்வெட்டுத் துறைக்குப் புதுசு. அச்சுப் பதிப்பில் திருத்தம் வரணும் என்றால் அடுத்த அறிஞர் அடுத்த நூல் எழுதும்வரை காத்திருக்கணும். தளவானூரையே பாருங்கள், 1943க்கும் 1988க்கும் இடையே 45 வருஷம்.

விவாதம் எங்கே நடக்கணும்?

தேடுவது பாதி வேலைதான். கிடைத்ததைப் பற்றிப் பேசுவது மறுபாதி.

2009இல் கணிதத்தில் ஒரு சோதனை நடந்தது. டிமொத்தி கௌவர்ஸ் என்ற கணித மேதை, தீர்க்கப்படாத கணக்கு ஒன்றைப் பொதுவெளியில் வைத்து, யார் வேண்டுமானாலும் அரைகுறை யோசனையாக இருந்தாலும் சொல்லலாம் என்றார். பாலிமத் என்று பெயர். ஆறு வாரத்துக்குள் வழி கிடைத்துவிட்டது. கட்டுரையில் ஆசிரியர் பெயர் டி.ஹெச்.ஜே. பாலிமத் என்ற கற்பனைப் பெயர், கூட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர்.

இதை அப்படியே கல்வெட்டுக்குக் கொண்டுவரமுடியுமா? முழுசாக முடியாது. கணக்கை எங்கே உட்கார்ந்தும் சரிபார்க்கலாம். தளவானூர் எழுத்தைச் சரிபார்க்க தளவானூருக்குப் போகணும், இல்லையென்றால் நல்ல மைப்படியோ படமோ வேணும். பழைய மைப்படியில் தெரிந்த எழுத்து இன்று பாறையில் மங்கியிருக்கலாம் என்பதால் மைப்படிகளே சாட்சி. அதனால்தான் 2021இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொன்ன உத்தரவு முக்கியமானது. மைப்படியின் படமும் குறியிட்ட வாசிப்பும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், திருச்சியில் ஒருவரும் பாரிஸில் ஒருவரும் ஒரே எழுத்தைக் காட்டிச் சண்டை போடலாம்.

அப்படிக் காட்டுவதற்கான தொழில்நுட்பமும் தயார். இணையத்தில் உள்ள ஒரு பக்கத்தின் குறிப்பிட்ட வரிமீதோ படத்தின் குறிப்பிட்ட பகுதிமீதோ குறிப்பு ஒட்டுவதற்கு டபிள்யூ3சி அமைப்பு 2017இல் தரநிலை வகுத்துவிட்டது. தமிழ்ச் செய்யுள் சுலோகத்தோடு சேர்த்தே வெட்டப்பட்டதா, பிறகு வெட்டப்பட்டதா என்று ஒருவருக்குச் சந்தேகம் என்றால், பொதுவாகப் பேசாமல் 'இந்த எழுத்தின் இந்த வளைவைப் பாருங்கள்' என்று படத்திலேயே பின் குத்தலாம். அடுத்தவர் அதே இடத்தில் வல்லத்தின் எழுத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து மறுக்கலாம்.

இதில் எனக்கு உண்மையான கவலை வேறொன்று. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பெரிய கருவிகள் டிஓஐ என்ற நிரந்தர எண், ஆங்கிலத் தலைப்பு, இணைய முகவரி இவற்றை நம்பி இயங்குகின்றன. தமிழகத் தொல்லியல் கழகம் 1991லிருந்து கொண்டுவரும் 'ஆவணம்' இதழில் புதிய கல்வெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. மாநிலத் தொல்லியல் துறையின் 'கல்வெட்டு' இதழும் அப்படித்தான். கலைக்கோவன், நளினி போன்றவர்கள் குடைவரை குடைவரையாக ஏறி அளந்து எழுதியது தமிழில். இவையெல்லாம் அந்தக் கருவிகளின் கண்ணில் சரியாகப் படுவதில்லை. விளைவு, தளவானூர் பற்றி உலகம் தேடும்போது ஆங்கிலத்தில் சொன்னது மட்டும் 'ஆய்வு' என்று வரும். தமிழில் மறுத்துச் சொன்னது வராது. ஏ.ஐ.யிடம் கேட்டாலும் கிடைப்பதை வைத்துத்தானே அது பேசும்? மேற்கோள் காட்டப்படாத மறுப்பு நாளடைவில் சொல்லப்படாத மறுப்பாகிவிடும்.

நாம் செய்யக்கூடியது

பெரிய நிதி வேண்டாம், ஒரு பொது அட்டவணையில் ஆரம்பிக்கலாம். ஒரு கல்வெட்டுக்கு ஒரு வரி. அதில் எல்லா நூல்களிலும் அதற்குள்ள எண்கள். ஊரின் எல்லாப் பெயர்களும், வெண்பேடு உட்பட. மாவட்டம் மாறும் என்பதால் அட்சரேகை, தீர்க்கரேகை. அரசன் பெயருக்கு ஒரு காலம் போதாது, மூன்று வேணும்: கல்லில் உள்ள பெயர் (சத்ருமல்லன்), நாம் அடையாளம் கண்ட பெயர் (மகேந்திரன்), அடையாளம் கண்டதற்கான காரணமும் சொன்னவரும் (வல்லம் கல்வெட்டு, இன்ன நூல், இன்ன பக்கம்). தமிழ்க் கட்டுரைகளுக்கும் அதே மரியாதையோடு பக்க எண்.

இந்த மூன்றாவது காலம்தான் கருவியின் உயிர். அது இருந்தால் மகேந்திரனைத் தேடுகிறவர் தளவானூருக்கு வந்துசேர்வார், ஏன் வந்துசேர்ந்தார் என்றும் அவருக்குத் தெரியும், ஒப்புக்கொள்ளவில்லை என்றால் எந்தக் கண்ணியை அசைக்கணும் என்றும் தெரியும். செஞ்சி–விழுப்புரம் சாலையில் உள்ள மண்டகப்பட்டுக்கும் இதே கதைதான், அங்கே கல்லில் இருப்பது விசித்திரசித்தன். மகேந்திரனின் கோயில்கள் பலவும் இப்படிப் பட்டங்களால்தான் பேசுகின்றன.

அடுத்தமுறை செஞ்சிக்குப் போனால் தளவானூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சுண்ணாம்பு, மாவு எதையும் எழுத்தின்மேல் தேய்க்காதீர்கள். காலையோ மாலையோ சாய்ந்த வெயிலில், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள், கூட ஒரு அளவுகோலும் வையுங்கள். படத்தோடு தேதி, எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று எழுதி, பொதுவெளியில் உரிமத்தோடு போடுங்கள். பெயரையும் போடுங்கள். செல்லன் சிவதாசன் பெயர் இருப்பதால்தான் அந்தத் தமிழ்ச் செய்யுளைச் சொன்னவர் யார் என்று இன்றும் நம்மால் சொல்லமுடிகிறது.